அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பொருளாளரின் கைக்குறிப்பு

தேதியைக் காலண்டரைப் பார்த்துக் குறிக்காதீர்கள், களத்தைப் பார்த்துக் குறியுங்கள். விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுவந்து காணிக்கையாக்கும் அறுப்பின் பண்டிகையை நடத்துவதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏற்காடு மலையில், குப்பனூர் பாதையில் கொட்டச்சேட்டைத் தாண்டி உள்ளே இறங்கினால் வரும் ஒரு சின்ன ஊர்ச் சபை எங்களுடையது. அறுபத்திரண்டு குடும்பம். ஓர் ஏக்கருக்கு மேல் காப்பி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எஸ்டேட்டில் பழம் பறிப்பவர்கள், ஏணி வைத்து மிளகு உருவுபவர்கள், ஆடு வளர்ப்பவர்கள், ஒரு தையல்காரர், ஒரு ஜீப் டிரைவர். அங்கே பதினான்கு வருடம் பொருளாளராக இருந்துவிட்டு இந்த வருடம் சாவியையும் நோட்டையும் என் நாத்தனார் மகளிடம் கொடுத்தேன். “அத்தை, எதை முதலில் செய்வது, எழுதிக் கொடுங்கள்” என்றாள். அவளுக்காக எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. சின்னச் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு உதவினால் சரி.

இன்றைக்கு நாம் ஆலயத்தில் கொண்டாடும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1843-ல் தொடங்கிவைத்தார். அவர்கள் அறுப்பு முடித்துப் பண்டிகை வைப்பது செப்டம்பர், அக்டோபர். அந்த மாதங்களில் எங்கள் மலையில் காப்பிக் காய் பச்சையாக நிற்கும், மழை கொட்டும், கையில் காசு இருக்காது. அறுக்காத ஊரில் அறுப்பின் பண்டிகை எதற்கு? நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கி ஜனவரி முடியப் பறிப்பு நடக்கும். நடுவில் கிறிஸ்துமஸ், பொங்கல். ஆகவே எங்களுக்குப் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. பறிப்புக் கணக்குத் தீர்ந்து கூலி கைக்கு வந்திருக்கும், காப்பி காய்ந்து சாக்கில் ஏறியிருக்கும், மிளகு பாதி பறித்திருப்பார்கள், சாமையும் கேழ்வரகும் முன்பே வீட்டுக்கு வந்திருக்கும். காப்பி பூக்க வைக்கும் மழையும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

நீங்கள் கீழே சேலத்துப் பக்கம் மரவள்ளி போடும் ஊர் என்றால், கிழங்கு பிடுங்கி ஆலைக்கு லோடு போய்ப் பணம் வந்த பிறகு வையுங்கள். லோடு போகும் வாரத்தில் வைத்தால் ஆண்கள் ஆலயத்தில் இருக்க மாட்டார்கள், எடை மேடையில் இருப்பார்கள்.

பிடி அரிசி

பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணிப்பை கொடுங்கள். எங்கள் தையல்காரர் மிச்சத் துணியில் தைத்துத் தருவார். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பையில் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ சேரும். பணமாகக் கேட்டால் நூறு ரூபாய்க்கு யோசிக்கிற வீடு இதை யோசிக்காமல் கொடுக்கும். நம் பாட்டிமார் காலத்திலிருந்து பெண்கள் சங்கங்கள் இதில்தான் ஓடியிருக்கின்றன.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். நான் பொறுப்புக்கு வந்த முதல் வருடம் எல்லாப் பைகளையும் ஒரே அண்டாவில் கொட்டினேன். ரேஷன் பச்சரிசி, புழுங்கலரிசி, யாரோ ஒருவர் வீட்டுப் பிரியாணி அரிசி, கைநிறையச் சாமை எல்லாம் கலந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உலையில் போட்டபோது பச்சரிசி கூழாகிவிட்டது, புழுங்கல் நறுக்கென்று நின்றது. இருநூறு பேர் அதைச் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. இப்போது மூன்று அண்டா: புழுங்கல் சமையலுக்கு; பச்சரிசி பாயசத்துக்கும் மீதி மாவுக்கும்; கலந்து வந்தது ஆடு, கோழி வைத்திருப்பவர்களுக்குப் பாதி விலையில்.

பொருள் சேகரிக்கப் போகும்போது எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். வீட்டின் பெயர், பொருள், அளவு. விலை எழுதும் பத்தியே கூடாது. விலைப் பத்தி இருந்தால் அதைக் கூட்டத் தோன்றும், கூட்டினால் படிக்கத் தோன்றும், படித்தால் “அவர்கள் வீட்டில் இவ்வளவுதானா” என்று ஒரு வாய் கேட்கும். “மிளகு, கால் கிலோ” என்பதும் “முட்டை, ஐந்து” என்பதும் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கின்றன. அது அப்படியே இருக்கட்டும்.

மிளகு வாங்கும்போது மட்டும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து ஒரு சாக்கும் போகும், கொடுத்தவருக்கும் மனவருத்தம்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆலயத்தைத் திறந்துவிடுங்கள். வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, கரும்பு நான்கு. பீடத்தின் மேல் எதையும் வைக்காதீர்கள், படியில்தான். வெள்ளைத் துணிக்கும் விளைச்சலுக்கும் ஆகவே ஆகாது. சாம்பல் பூசணியின் மாவு துடைத்தால் போகும். காப்பிப் பழச் சாறும் வாழைக்குலைக் கறையும் போகவே போகாது, எங்கள் பீடத்துணியின் வலது ஓரத்தில் இன்னும் இருக்கிறது. குலையை முதல் நாளே வெட்டிப் பால் வடியவிட்டு, காம்பில் சாம்பல் தடவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெல்லத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், எறும்பு வராது.

கடையில் பழம் வாங்கி வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எனக்கு முன்பிருந்தவர்கள் சேலத்துக்கு பஸ் ஏறிப்போய் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள் வாங்கிவந்து நடுவில் அடுக்குவார்கள், காப்பி மூலையில் கிடக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820களில், இந்த மலைக்கு வந்த செடி அது. இருநூறு வருடமாக இங்கே சோறு போடுவதும் முதுகை ஒடிப்பதும் அதுதான். இப்போது எங்கள் படியின் நடுவில் ஒரு முறம். அதில் காய்ந்த காப்பிச் செர்ரி, கறுப்பாக, ஆட்டுப் புழுக்கை போல. சுற்றி மிளகு, கமலா ஆரஞ்சு, சௌசௌ, மலைவாழை, சாமைக் கதிர்க்கட்டு. முறத்தின் ஓரத்தில் பழம் பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் சாக்குத்துணி ஒன்றை மடித்து வைப்போம். துவைத்ததுதான், ஆனால் காப்பி வாசனை போகாது. ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததும் தங்கள் இடுப்பைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரவு யாராவது இருவர் ஆலயத்தில் படுக்க வேண்டும். எலிக்காக என்று நினைக்காதீர்கள், எலி அதிகம் தின்னாது. விடியற்காலையில் வரும் குரங்குதான் ஆபத்து. ஒரு வருடம் மேல் ஜன்னல் ஒன்று தாழிடாமல் கிடந்தது. காலையில் வந்து பார்த்தால் ஒரு கூடைக் கொய்யாவில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. ஒன்றையாவது முழுதாகத் தின்றிருந்தால் கோபம் வந்திருக்காது.

ஆராதனையைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, அது ஆயரின் வேலை. பாடம் உபாகமம் 26 என்றால் வாசிக்கிறவரைப் பதினோராம் வசனம் வரை வாசிக்கச் சொல்லுங்கள். பலர் கூடையைப் பீடத்தண்டை வைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். உன் நடுவில் இருக்கிற அந்நியனும் சந்தோஷப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

காணிக்கைப் பவனியில் ஒரு சங்கதி உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றாலும் தவறில்லை. எல்லாரும் கையில் பொருளோடு வரிசையாக முன்னே போவார்கள். ஒரு வருடம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வரவில்லை. கால்வலி என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் பின்பக்கம் கைகழுவும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார், நல்ல புடவை கட்டி, தலை வாரி. “ஏன் பெரியம்மா உள்ளே வரவில்லை?” என்றேன். “கையை வீசிக்கொண்டு எப்படி நடப்பது?” என்றார். அந்த வாரம் அவருக்கு வேலை இல்லை, ரேஷனும் வாங்கவில்லை.

மறு வருடத்திலிருந்து வாசலில் ஒரு கூடை சாமை வைக்கிறோம். உள்ளே வருகிற எவரும், எஸ்டேட் முதலாளியானாலும் குழந்தையானாலும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டுதான் வரிசையில் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து வாழைக்குலை கொண்டுவந்தவரும் ஒரு கையில் குலை, மறு கையில் சாமை. முன்னே இருக்கும் அண்டாவில் எல்லாரும் கொட்டுகிறோம். யார் வெறுங்கையோடு வந்தார் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. கூடைச் சாமையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் நோட்டில் எழுதுவதில்லை. பக்கத்துச் சிற்றூர்களில் இருக்கும் மலையாளிக் குடும்பங்கள் சிலவும் அனுப்புகிறார்கள்; கேரளத்தார் அல்ல, இந்த மலையின் பழங்குடி மக்கள். நம் ஆலயத்துக்கு வராதவர்கள், ஆனால் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு அழைப்பு போக வேண்டும், வாய்மொழியாக, வீட்டுக்குப் போய்.

ஏலம்

பண்டிகை கெட்டுப்போவதானால் இங்கேதான் கெடும். முதலில் ஏலம் கூறுபவர். சத்தமான குரல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். குரலை விட முக்கியம், அவர் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவராக இருக்கக் கூடாது. அவரிடம் கடன் வாங்கியவன் அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய விலைக்கு மேல் கேட்பான், அல்லது கேட்கவே மாட்டான். எஸ்டேட்டில் ஆள் வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியும் வேண்டாம். எங்கள் சபையில் தையல்காரர் கூறுகிறார். எல்லார் அளவும் அவருக்குத் தெரியும், யாருக்கும் அவர் எசமான் இல்லை.

காப்பியையும் மிளகையும் ஏலத்தில் விடாதீர்கள். அன்றைய விலை எல்லாருக்கும் தெரிந்த பொருளை யாரும் ஏற்றிக் கேட்க மாட்டார்கள், குறைந்து போனால் கொடுத்தவருக்கு வலிக்கும். வியாபாரியிடம் எடை போட்டு விற்றுச் சீட்டை நோட்டில் ஒட்டுங்கள். பூசணி, வாழைக்குலை, சேவல், தேன், வீட்டு முறுக்கு, பெண்கள் பின்னிய கூடை, இவைதான் ஏலத்துக்கு உயிர்.

தொடக்கத்தில் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுங்கள். அதை ஏலத்தில் எடுத்தவர் “சபைக்கே” என்று திருப்பிக் கொடுப்பார், மறுபடி கூறலாம். எங்கள் ஊரில் ஒரே பழம் ஏழு முறை சுற்றி 1,100 ரூபாய் கொண்டுவந்திருக்கிறது. சிரிப்புக் கிளம்பியதும் குழந்தைகளுக்கான தட்டை எடுங்கள்: பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மட்டும், பத்து ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது. ஒரு பையன் தன் வீட்டுக் கோழி போட்ட முட்டையையே எட்டு ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வீடுவரை ஓடினான். நல்ல பொருட்களை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் இழுக்காதீர்கள், பசித்தவன் விலை கேட்க மாட்டான்.

இனி பூசணிக்காய்க் கதை. வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவர். பதினான்கு கிலோ பூசணி ஒன்று வந்தது. அண்ணன் முந்நூறு என்றார், தம்பி நானூறு. ஆயிரத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். இரண்டாயிரத்தில் கைதட்டல் நின்றது. நான்காயிரத்தில் தம்பி எடுத்தார். “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” முடிந்ததும் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது எனக்கு மறக்கவில்லை. அந்தப் பறிப்பில் அவள் சம்பாதித்த பணம் அது. ஈஸ்டர் வரை இரண்டு குடும்பமும் ஆலயத்துக்கு வரவில்லை. சபைக்குக் கிடைத்தது நான்காயிரம். கணக்கில் வரவு, மற்ற எல்லாவற்றிலும் நஷ்டம்.

அதிலிருந்து ஒரு விதி வைத்தோம். சந்தை விலைக்குப் பத்து மடங்கைத் தாண்டியதும் தையல்காரர் மணி அடிப்பார், பொருள் சமையலுக்குப் போய்விடும், இருவரும் கடைசியாகச் சொன்ன தொகையில் பாதியைக் காணிக்கையாக விரும்பினால் தரலாம். இதுவரை மூன்று முறை மணி அடித்திருக்கிறது. மூன்று முறையும் தோற்றவர் என்று யாரும் இல்லாததால் இரு பக்கமும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

கடன் எழுதுவது தவிர்க்க முடியாதது. தவணை ஈஸ்டர் ஞாயிறு வரை. கடன் பட்டியல் என் பையில் மட்டும் இருக்கும், அறிவிப்பில் வாசிக்கக் கூடாது, சுவரில் ஒட்டக் கூடாது. ஆள் வராவிட்டால் நான் வீட்டுக்குப் போவேன், அதுவும் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில். பணம் வாங்கப் போனில் ஸ்கேன் செய்யும் அட்டை வைத்தோம், ஆலயத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் எல்லாரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினார்கள். பத்து, இருபது ரூபாய்த் தாளாக இரண்டாயிரத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

இருநூறு பேருக்கு இருபத்தைந்து கிலோ அரிசி, ஐந்து கிலோ துவரம்பருப்பு. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்பது என் கணக்கு. காலையில் ஏலத்தில் கத்தியவர்கள் என்றால் ஏழு. மளிகையை ஒரு வாரம் முன்பே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்துவிடுங்கள், மேலே சில்லறையில் வாங்கினால் கட்டாது.

கீழிருந்து சமையல்காரர் கூட்டிவருவதாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்: ஏற்காடு மலையின் உயரத்தில், ஏறக்குறைய 1,500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்த்தால் பருப்பு வெந்திருக்காது. சேலத்திலிருந்து வந்த ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார், பன்னிரண்டு மணிக்கு அவரே கரண்டியில் பருப்பை நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பை இரவே ஊறவையுங்கள், அடுப்பை ஒரு மணி நேரம் முன்பே பற்றவையுங்கள். விறகுக்குச் சில்வர் ஓக் வேண்டாம், படபடவென்று எரிந்து அடங்கிவிடும். கவாத்து வெட்டிக் காய்ந்த காப்பிக் கட்டைதான் நின்று எரியும்.

முதல் பந்தி குழந்தைகள், முதியவர்கள், ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். கமிட்டி கடைசிப் பந்தி. இதில் விலக்கே கூடாது. முதலாளிக்கென்று நாற்காலி போடும் வழக்கம் முன்பு இருந்தது. ஒரு வருடம் வேண்டுமென்றே நாற்காலிகளை ஞாயிறு பள்ளி அறையில் பூட்டிவிட்டுச் சாவி காணவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். முதலாளி பாயில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கினார், மறு வருடம் அவரே பாயைத் தேடினார்.

வந்த பொருளில் பத்தில் ஒரு பங்கை ஏலத்துக்குக் கொண்டுவராமல் எடுத்து வையுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது லேவியராகமம் 19. நமக்கு அது அரிசி, காய்கறி, ஒரு டின் எண்ணெய். ஞாயிறு சாயங்காலம் இருட்டிய பிறகு லைன் வீடுகளுக்குப் போகும். பகலில் கொண்டுபோகாதீர்கள்.

திங்கட்கிழமை கணக்கு. வரவு, செலவு, கையிருப்பு, மூன்று வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பெயர் ஒன்றுகூட இல்லாமல். ரசீதுகளை யார் கேட்டாலும் காட்டுங்கள். கேட்பவர் மேல் கோபப்படாதீர்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்பவர்தான் பின்னால் தொல்லை.

கடைசி வேலை பாத்திரம். ஐம்பது வீட்டு அண்டா, கரண்டி, தாம்பாளம் எல்லாம் கலந்து கிடக்கும். வாங்கும்போதே அடியில் நகப்பூச்சால் வீட்டு எண் எழுதிவிடுங்கள், புளி போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்காதீர்கள். பவனியில் சேர்ந்த சாமையிலிருந்து ஒரு பிடி போட்டுக் கொடுங்கள். எண் எழுதாத பித்தளை மூடி ஒன்று மூன்று வருடமாக என் வீட்டுப் பரணில் இருக்கிறது. உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சாமை தயாராக இருக்கிறது.